ஐரோப்பாவில் கார்டு மறுத்தால், காசு கரைந்தால்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

வியன்னா ரயில் நிலையத்திலிருந்து சித்தி மகள் கூப்பிட்டாள். "அண்ணா, கார்டு எடுக்க மாட்டேங்குது. ரெண்டு கார்டும் போட்டுப் பாத்துட்டேன். பின்னாடி கியூ நிக்குது."

"மெசேஜ் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

வந்திருந்தது. பதற்றத்தில் அவள் பார்க்கவில்லை. வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வங்கி மூன்று முறை சொல்லியிருந்தது. ஆப்பைத் திறந்து ஒரு பொத்தானை நகர்த்தினாள். டிக்கெட் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் யார் ஐரோப்பா கிளம்பினாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் சொல்லி அனுப்புகிறேன். இந்திய வங்கியின் கார்டோடு போகிறவர்களுக்கு எழுதும் குறிப்பு இது. முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

முதல் கேள்வி: வங்கியிலிருந்து மெசேஜ் வந்ததா?

கடையில் கார்டைப் போட்டதும் அந்த மெஷின் ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அது கடைக்காரரின் வங்கிக்குப் போய், அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்கார்டு வலைப்பின்னல் வழியாக நம் ஊர் வங்கிக்கு வந்து சேர்கிறது. சரி, இல்லை என்று பதில் சொல்வது நம் வங்கி. இது எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடுவதால், எதிரே இருக்கும் மெஷின்தான் மறுத்தது என்று நினைத்துக்கொண்டு அதையே திட்டிக்கொண்டிருப்போம்.

மறுத்தவுடன் போனைப் பாருங்கள். வங்கியின் மெசேஜோ ஆப் அறிவிப்போ வந்திருந்தால் கோரிக்கை ஊர்வரை போயிருக்கிறது, பிழை நம் பக்கம். அங்கே எத்தனை கடை மாறினாலும் தீராது. எதுவுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் கோரிக்கை கிளம்பவே இல்லை, அல்லது வழியிலேயே நின்றுவிட்டது. அப்போது வங்கிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் இசை கேட்பதில் பயனில்லை. கார்டை மாற்ற வேண்டும், அல்லது கடையை மாற்ற வேண்டும்.

இந்தச் சோதனை வேலை செய்ய ஊர் சிம் போனில் உயிரோடு இருக்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கியதும் அதைக் கழற்றி, அங்கே வாங்கிய சிம்மைப் போட்டுவிடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு. பல வங்கி ஆப்கள் பதிவு செய்த சிம் அதே போனில் இருந்தால்தான் திறக்கும். ஊர் சிம்மில் ரோமிங்கை இயக்கிவிட்டு, அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். இணையத்துக்கு இ-சிம்மோ இரண்டாவது சிம்மோ போதும்.

மறுத்தது, மெசேஜும் வந்தது

மிகப் பெரும்பாலும் காரணம் இதுதான்: வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் போட்ட உத்தரவு, அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி புதிதாகத் தரும் கார்டும், புதுப்பித்துத் தரும் கார்டும் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டில் வேண்டுமென்றால் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். போன தடவை ஓடிய கார்டு இந்தத் தடவை ஓடாததற்கும் இதுவே விடை. நடுவில் காலாவதியாகிப் புதுக் கார்டு வந்திருக்கும், பழைய அமைப்பு அதோடு போயிருக்கும்.

ஆப்பில் "இன்டர்நேஷனல்" என்று ஒரு பொத்தானை இயக்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதற்குக் கீழே கடை மெஷின், ஏடிஎம், ஆன்லைன், தொட்டுச் செலுத்துவது என்று நான்கு தனிப் பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பும் இருக்கும். பொத்தான் இயங்கிக்கொண்டிருக்கும், வரம்பு பூஜ்யத்தில் நிற்கும். இப்படி ஒரு வீட்டில் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகு சில நிமிடம் பொறுத்து மறுபடி போடுங்கள்.

அடுத்த சந்தேகம் பின் நம்பர். இரண்டு முறை தவறாகப் போட்டிருந்தால் மூன்றாவது முறை முயல வேண்டாம், பூட்டிக்கொள்ளும். ஆப் வழியாகவே பின்னை மாற்றும் வசதி பல வங்கிகளில் உண்டு. கார்டைப் போட்டதும் எந்தக் கணக்கு என்று மெஷின் கேட்டால், டெபிட் கார்டுக்குச் சேமிப்புக் கணக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், காலையில் சென்னை, மாலையில் மிலன் என்பதைப் பார்த்து வங்கியின் மோசடித் தடுப்பு நிறுத்தியிருக்கலாம். அப்போது ஆப்பிலோ மெசேஜிலோ "இது நீங்கள்தானா" என்று கேட்டிருக்கும். ஆம் என்று பதில் சொன்னால் திறந்துவிடும். அந்த மெசேஜில் லிங்க் இருந்தால் தொடாதீர்கள், ஆப்பைத் திறந்து அதற்குள் போய்ப் பாருங்கள்.

மறுத்தது, மெசேஜ் எதுவும் இல்லை

முதலில் தொட்டுச் செலுத்துவதை விட்டுவிட்டு, கார்டின் சிப்பை மெஷினுக்குள் செருகிப் பின் போடுங்கள். பல நாடுகளில் 50 யூரோவுக்கு மேல் போனால் தொடுவது மட்டும் போதாது.

அதுவும் நடக்கவில்லை என்றால் கடை எந்த வகைக் கார்டை எடுக்கிறது என்று பாருங்கள். ஜெர்மனியில்தான் இந்தத் தொல்லை அதிகம். அங்கே உள்ளூர் வங்கிகளின் கார்டு முறை ஒன்று தனியாக இருக்கிறது, ஜிரோகார்டு என்று பெயர். பழக்கத்தில் இன்னும் "ஏ-ட்ஸே கார்ட்டே" என்றே சொல்வார்கள். கடை வாசலில் கார்டு படம் ஒட்டியிருக்கும், மெஷினும் மேசையில் இருக்கும், ஆனால் அது உள்ளூர்க் கார்டுக்கு மட்டும். "நூர் பார்" என்று எழுதியிருந்தால் ரொக்கம் மட்டும் என்று பொருள். பெர்லினில் சாப்பிட்டு முடித்து, பில் வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது இனிமையான அனுபவம் இல்லை. உட்காருவதற்கு முன் கேட்டுவிடுங்கள். சின்ன பேக்கரிகளில் 5 அல்லது 10 யூரோவுக்குக் கீழ் கார்டு கிடையாது என்ற பலகையும் இருக்கும்.

ரூபே கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வெளிநாட்டில் பிற வலைப்பின்னல்களோடு போட்ட ஒப்பந்தத்தில் ஓடுவது. ஐரோப்பாவில் ஓடும் இடத்தைவிட ஓடாத இடம் அதிகம். ஒரு விசா, ஒரு மாஸ்டர்கார்டு, இரண்டும் வெவ்வேறு வங்கியாக, வெவ்வேறு பையில் இருக்கட்டும்.

இதற்கு நேர் எதிர்ப் பிழையும் உண்டு: நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஸ்வீடனில் ரொக்கம் கிடையாது என்ற பலகை காபிக் கடையிலேயே இருக்கும். லண்டன் பேருந்துகள் 2014 ஜூலையிலிருந்து காசு வாங்குவதில்லை. ஆம்ஸ்டர்டாம் டிராமிலும் அப்படியே. பெர்லினுக்கு ரொக்கம், ஸ்டாக்ஹோமுக்குக் கார்டு என்று ஒரே பயணத்தில் இரண்டு பழக்கம் வேண்டியிருக்கும்.

பணம் போனது, ஆனால் அதிகமாகப் போனது

இதில்தான் நம் ஆட்கள் மிக அதிகம் இழக்கிறார்கள். இழந்தது பலருக்குத் தெரிவதும் இல்லை.

கார்டைப் போட்டதும் மெஷின் ஒரு கேள்வி கேட்கும். யூரோவில் செலுத்துகிறீர்களா, ரூபாயிலா? இரண்டு தொகையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ரூபாய் நமக்குப் புரிகிற கணக்கு, கை தானாக அங்கே போகும். அந்த ரூபாய்க் கணக்கைப் போட்டது நம் வங்கி இல்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தை வைத்துப் போட்டது.

கணக்கைப் பார்ப்போம். சுலபத்துக்கு ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் 80 யூரோ. யூரோவிலேயே செலுத்தினால் 8,000 ரூபாய். பல இந்தியக் கார்டுகளில் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் சேர்ப்பார்கள், அது 280. அந்த 280க்கு 18 சதவீத ஜிஎஸ்டி ஏறக்குறைய 50. மொத்தம் 8,330. இப்போது ரூபாயை அழுத்தினோம், அந்த நிறுவனம் 6 சதவீதம் வைத்தது என்று கொள்வோம். 8,480 ஆகிவிட்டது. ரூபாயில் செலுத்திவிட்டதால் வங்கிக் கட்டணமாவது மிச்சம் என்று நினைப்போம். அதுவும் இல்லை. கடை வெளிநாட்டில் இருப்பதால் ரூபாயில் வந்த கணக்குக்கும் பல வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் போடுகின்றன. அதே 3.5 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 8,830. ஒரே சாப்பாட்டுக்கு 500 ரூபாய் கூடுதல், ஒரே ஒரு பொத்தானால்.

எனவே விதி எளிது: எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிராகில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரிண்ட், பாரிசில் யூரோ. ஃபாரக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு, வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டில் யூரோ ஏற்றியிருந்தாலும் மெஷின் அதை டாலர் கார்டு என்று நினைத்து "டாலரிலா, யூரோவிலா" என்று கேட்கும். யூரோ நாட்டில் டாலரை அழுத்தினால் தேவையில்லாமல் இரண்டு முறை மாற்று நடக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஏப்ரலிலிருந்து ஒரு விதியைக் கொண்டுவந்தது. இப்படி மாற்றுக் கணக்கு போடுகிறவர்கள், ஐரோப்பிய மத்திய வங்கி அன்றாடம் வெளியிடும் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். அதனால் பல திரைகளில் சின்ன எழுத்தில் அந்தச் சதவீதம் இருக்கும். படித்தால் போதும், கை தானாக விலகிவிடும். அந்த மத்திய வங்கியின் பட்டியலில் இந்திய ரூபாயும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வியே கேட்காமல் ரூபாயில் போட்டுவிட்டார்கள் என்றால்? பிராகின் பழைய நகரத்தில் ஒரு உணவகத்தில் எனக்கு நடந்தது அதுதான். பரிமாறியவர் மெஷினைத் தன் பக்கம் திருப்பி, ஏதோ அழுத்திவிட்டு, பின் போட மட்டும் என்னிடம் நீட்டினார். ரசீதைப் பார்த்தால் ரூபாய்க் கணக்கு. அங்கேயே நின்று, இதை ரத்து செய்துவிட்டுக் கொருனாவில் போடுங்கள் என்றேன். முகம் சுளித்தார், ஆனால் செய்தார். தேர்வு கார்டுக்காரருடையது என்பதுதான் வலைப்பின்னல்களின் விதி. கடையை விட்டு வெளியே வந்த பிறகு இது மிகக் கடினமாகிவிடும். ரசீதை வைத்துக்கொண்டு வங்கியில் புகார் தரலாம். ஆனால் ரூபாயைத் தேர்ந்தெடுத்ததாக ரசீதிலேயே அச்சாகியிருக்கும், அதன் கீழ் நம் கையெழுத்தோ பின்னோ இருக்கும். ஆகவே பின் போடுவதற்கு முன் திரையில் எந்தப் பணத்தின் குறி நிற்கிறது என்று பாருங்கள்.

கூடுதலாகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூரோ ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டை யூரோ இல்லாத நாட்டில் பயன்படுத்துவது. ஸ்வீடன், டென்மார்க், போலந்து, செக், ஹங்கேரி, ருமேனியா ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தும் தங்கள் பணத்தை வைத்திருப்பவை. சுவிட்சர்லாந்து, நார்வே, பிரிட்டன் ஒன்றியத்திலேயே இல்லை. இங்கெல்லாம் யூரோ கார்டைப் போட்டால் ஒரு பணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதாக வங்கி தனிக் கட்டணம் எடுக்கும். டென்மார்க்கின் குரோனே, ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 7.46 என்று கட்டிவைத்தது போல் நிற்கும். ரேட் அசையாது என்றாலும் மாற்றுக் கட்டணம் போகத்தான் செய்யும். குரோஷியா 2023லும் பல்கேரியா 2026 ஜனவரியிலும் யூரோவுக்கு வந்துவிட்டன. பழைய பயணக் குறிப்புகளைப் பார்த்துக் குரோஷியாவின் பழைய கூனா நோட்டைத் தேடி அலைய வேண்டாம்.

ஏடிஎம்மில் எடுத்தேன், கணக்கில் வேறு தொகை

ஏடிஎம் இரண்டு வகை. வங்கியின் சுவரில் பதித்திருப்பது ஒன்று. சுற்றுலாத் தெருக்களிலும் மதுக்கடை வாசலிலும் நினைவுப்பொருள் கடைக்குள்ளும் தனியாக நிற்பது மற்றொன்று. இரண்டாவது வகையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுங்கள். கட்டணமும் அதிகம், திரையும் தந்திரமானது. எவ்வளவு வேண்டும் என்று கேட்கும்போதே பெரிய தொகைகளை மட்டும் காட்டும். பிறகு மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா என்று பச்சை நிறப் பொத்தானோடு கேட்கும். மறுக்கும் பொத்தான் மங்கலாக ஓரத்தில் இருக்கும். மறுத்தால் பணமே வராது என்று பயந்து பலர் பச்சையை அழுத்திவிடுகிறார்கள். பயப்படாமல் மறுங்கள். மாற்று வேண்டாம் என்பதற்கு மட்டும்தான் அந்த மறுப்பு, பணம் வரும்.

மெஷினுக்கு நாட்டுக்கு நாடு பெயர் வேறு. ஜெர்மனியில் கெல்ட்-ஆட்டோமாட், இத்தாலியில் பான்கோமாட், ஸ்பெயினில் காஹேரோ, போர்ச்சுகலில் மல்டிபாங்கோ. நெதர்லாந்தில் மூன்று பெரிய வங்கிகள் சேர்ந்து கெல்ட்மாட் என்ற மஞ்சள் மெஷின்களை நடத்துகின்றன, வங்கிக் கிளை வாசலைத் தேட வேண்டியதில்லை.

கட்டணம் மூன்று இடத்தில் விழும்: அந்த மெஷின்காரர் (திரையில் காட்டியாக வேண்டும்), நம் வங்கி ஒரு முறைக்கு இவ்வளவு என்று, பிறகு அந்த 3.5 சதவீதம். இதில் நடுவில் இருப்பது நிலையான தொகை. ஆகவே 20 யூரோவாக ஐந்து முறை எடுப்பது வீண், ஒரே முறை 100 எடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அது உயிர் போகும் அவசரத்துக்கு மட்டும்.

கார்டை விழுங்கிவிட்டது என்றால் மெஷினை விட்டு நகராதீர்கள். உதவிக்கு வரும் அன்பான அந்நியரிடம் பின் நம்பரைச் சொல்லாதீர்கள். ஆப்பில் கார்டை அணைத்துவிட்டுப் பிறகு நகருங்கள். இதனால்தான் வங்கி திறந்திருக்கும் நேரத்தில், வங்கிச் சுவரில் எடுங்கள் என்பது. உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும். பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால் மெஷின் எண்ணையும் நேரத்தையும் படம் எடுத்து, அன்றே ஆப்பில் புகாரைப் பதிந்துவிடுங்கள். திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம், அதை நம்பி மறுநாள் செலவைத் திட்டமிட வேண்டாம்.

மணி சேஞ்சர் கொடுத்தது குறைவாக இருக்கிறது

"கமிஷன் 0 சதவீதம்" என்ற பலகையைப் பார்த்து உள்ளே போனவர்கள்தான் இந்தப் பகுதிக்கு வருவார்கள். கமிஷன் இல்லைதான். வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் எல்லாம் போயிருக்கும். பலகையில் பெரிதாகத் தெரிவது அவர்கள் விற்கும் ரேட்டாக இருக்கும். நமக்கு வேண்டியது அவர்கள் யூரோவை வாங்கும் ரேட். நல்ல ரேட் இந்தத் தொகைக்கு மேல்தான் என்று அடியில் எறும்பு எழுத்து ஒன்றும் இருக்கும். நோட்டை நீட்டும் முன் ஒரே கேள்வி: "100 யூரோ தந்தால் கையில் எவ்வளவு கொருனா தருவீர்கள்?" எண்ணைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பிராக் இருக்கும் செக் நாட்டில் ஒரு நல்ல வழி இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து செக் சட்டப்படி, மணி சேஞ்சரிடம் மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பித் தந்து ரத்து செய்யலாம், 1,000 யூரோ மதிப்பு வரை, கட்டணம் இல்லாமல். அதற்கு ரசீது வேண்டும். ஆகவே எண்ணிப் பார்த்து ஏமாந்தது தெரிந்தால் ஹோட்டலுக்குப் போய் வருந்தாமல் நேராகத் திரும்பிப் போங்கள், நேரத்தைப் பார்த்துக்கொண்டு.

தெருவில் வந்து "நல்ல ரேட் தருகிறேன்" என்று கூப்பிடுகிறவரிடம் மாற்றினால் எந்தச் சட்டமும் காப்பாற்றாது. பிராகில் இப்படி மதிப்பே இல்லாத பழைய பல்கேரிய நோட்டையோ பெலாரஸ் ரூபிளையோ கொருனா என்று தள்ளிவிடுவது பழைய வித்தை. அந்த ஊர் நோட்டை முன்பின் பார்த்திராத நமக்கு எண்களும் பூக்களும் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இந்திய ரூபாயை எடுத்துக்கொண்டு போய் அங்கே மாற்றலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலான சேஞ்சர்கள் வாங்கவே மாட்டார்கள், வாங்குகிறவர் தரும் ரேட்டைக் கேட்டால் அழுகை வரும். யூரோவை ஊரிலேயே வாங்கிப் போங்கள், விமான நிலையத்தில் அல்ல, அதற்கு நான்கைந்து நாள் முன்பு, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற இரண்டு மூன்று இடங்களில் ரேட் விசாரித்து. நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வாங்கலாம், மீதி கார்டில். ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்குவதாக இருந்தால் 50,000க்குக் கீழ் இருக்க வேண்டும், மேலே போனால் வங்கிக் கணக்கு வழியாகத்தான். கேட்கும்போதே 5, 10, 20 யூரோ நோட்டுகளாகக் கேளுங்கள். அவர்கள் 100ஐத்தான் நீட்டுவார்கள், விடாதீர்கள்.

நோட்டை நீட்டினால் தலையாட்டுகிறார்கள்

நோட்டு பெரிதாக இருக்கிறது என்பது முதல் காரணம். 200 யூரோ செல்லுபடியாகும் நோட்டுதான், ஆனால் பெட்ரோல் பங்கிலும் பேக்கரியிலும் எடுக்க மாட்டார்கள். 500 யூரோ அச்சடித்து வெளியிடுவதை 2019இல் நிறுத்திவிட்டார்கள். இன்னும் செல்லும், ஆனால் கையில் வைத்திருப்பவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வங்கிக்குப் போய்ச் சில்லறையாக்குங்கள்.

நோட்டு பழையதாக இருக்கிறது என்பது இரண்டாவது. யூரோவில் இந்தப் பயம் இல்லை. 2002இல் வந்த முதல் வரிசையும் செல்லும், 2013இலிருந்து வந்த புது வரிசையும் செல்லும். மற்ற நாடுகளில்தான் கவனம் வேண்டும். மாமா பத்து வருடம் முன் லண்டனிலிருந்து கொண்டுவந்து பீரோவில் வைத்த 20 பவுண்டு காகித நோட்டு 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடையில் செல்லாது. அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றலாம். சுவிட்சர்லாந்தின் முந்தைய வரிசை 2021 ஏப்ரல் 30 உடன் போய்விட்டது. அதையும் சுவிஸ் மத்திய வங்கியில் காலவரையின்றி மாற்றிக்கொள்ளலாம். டென்மார்க்கின் 1,000 குரோனே நோட்டு 2025 மே மாதத்தோடு முடிந்தது. யாரிடமாவது மிச்சத்தை வாங்கிப் போகும் முன் இதைப் பாருங்கள்.

சுவிட்சர்லாந்தில் பல கடைகள் யூரோ நோட்டை வாங்கிக்கொள்ளும். பாக்கியை பிராங்கில் தரும், ரேட்டும் அவர்கள் சொன்னதுதான். அவசரத்துக்குப் போதும், பழக்கமாக்க வேண்டாம்.

பில் 9.98, பாக்கி தரவில்லை என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். பின்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், அயர்லாந்து, இத்தாலி போன்ற இடங்களில் ரொக்கத்துக்கு 5 சென்ட் அளவில் கூட்டியோ குறைத்தோ முழுமையாக்குவார்கள்.

ஹோட்டலில் பணம் இரண்டு முறை போய்விட்டது

போகவில்லை, பிடித்து வைத்திருக்கிறார்கள். அறைக்குள் நுழையும்போது ஒரு தொகையை முன்பிடிப்பாக நிறுத்திவைத்து, கிளம்பும்போது உண்மையான பில்லைத் தனியாக எடுக்கிறார்கள். கிரெடிட் கார்டில் இது லிமிட்டைத்தான் குறைக்கும். டெபிட்டிலும் ஃபாரக்ஸ் கார்டிலும் நம் கைக்காசே மாட்டிக்கொள்ளும். விடுவிக்கச் சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும், பயணம் அதற்குள் முடிந்துவிடும். ஆகவே முன்பிடிப்புக்கு எப்போதும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள், கிளம்பும்போது எதில் வேண்டுமானாலும் கட்டுங்கள். வாடகைக் கார் எடுக்கும் பல இடங்களில் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இல்லாவிட்டால் சாவியே தர மாட்டார்கள். பணம் முழுவதும் கட்டியிருந்தாலும் தர மாட்டார்கள்.

ஆள் இல்லாத பெட்ரோல் பங்கிலும் இதே கதை. 30 யூரோவுக்குப் போட்டிருப்போம், 100 யூரோவுக்கு மேல் பிடித்ததாக மெசேஜ் வரும். கூடுதல் தானாகத் திரும்பும். ஃபாரக்ஸ் கார்டில் அவ்வளவு இருப்பு இல்லாவிட்டால் பம்ப் இயங்காது.

மெட்ரோவில் இரண்டு பேருக்கு ஒரே கார்டு

லண்டனிலும் நெதர்லாந்திலும் கார்டைத் தொட்டே பயணிக்கலாம். ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான். கணவர் தொட்டுவிட்டு மனைவிக்கும் அதையே தொட்டால் அது வெளியேறியதாகக் கணக்காகலாம். போனில் ஏற்றிய கார்டும் பர்ஸில் இருக்கும் அதே கார்டும் அந்தக் கதவுக்கு இரண்டு வெவ்வேறு கார்டுகள். போனில் ஏறிவிட்டு பிளாஸ்டிக்கில் இறங்கினால் இரண்டு பயணமும் பாதியில் நின்றதாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். பணம் உடனே கழியாது, அன்றைய பயணங்கள் சேர்ந்து பிறகு ஒரே தொகையாக வரும். யார் திருடினார்கள் என்று கார்டை அணைத்துவிடாதீர்கள்.

ஆன்லைனில் ரயில் டிக்கெட், ஓடிபி வரவில்லை

மேலே சொன்ன சிம் பிரச்சினைதான். ரோமிங் இயங்குகிறதா, சிம் ஏதாவது நெட்வொர்க்கைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். விமானப் பயன்முறையை ஒரு முறை போட்டு எடுத்தால் பல நேரம் குவிந்திருந்த மெசேஜ் எல்லாம் வந்து விழும். சில வங்கிகள் மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்பும் வசதி வைத்திருக்கின்றன, கிளம்பும் முன் அதை இயக்கிவிடுங்கள். நீண்ட தூர டிக்கெட்டுகளை ஊரிலேயே எடுத்துவிடுவது இன்னும் நல்லது, விலையும் குறைவு.

யுபிஐ ஓடுமா?

ஐஃபில் கோபுர டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியில் தொடங்கினார்கள். அந்த ஆண்டே பாரிசின் கேலரி லஃபாயெட் கடையிலும் வந்தது. மற்றபடி தெருக் காபிக்குக் க்யூஆர் தேடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு மிச்சம்

2,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டு மிச்சமிருந்தால், மேலே இருப்பதை 180 நாளுக்குள் திருப்பி விற்றுவிட வேண்டும். அந்த அளவு வரை வைத்துக்கொள்ளலாம். ஃபாரக்ஸ் கார்டில் கிடக்கும் யூரோவையும் மறக்காதீர்கள், சில வங்கிகள் பயன்படுத்தாத கார்டுக்குக் கட்டணம் கழிக்கும். முன்பிடிப்புகள் எல்லாம் திரும்பிவிட்டனவா என்று ஒரு மாதம் கழித்துக் கணக்கைப் பாருங்கள். திரும்பாதது இருந்தால் ஹோட்டல் ரசீதோடு வங்கிக்கு எழுதுங்கள்.

நாணயங்களை இங்கே எந்தச் சேஞ்சரும் வாங்க மாட்டார். நல்லவேளையாக வெளிநாட்டு நாணயங்களை எவ்வளவு வேண்டுமானாலும் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பின்பக்கம் எந்த நாட்டுப் படம் இருந்தாலும் யூரோ நாணயம் எல்லா யூரோ நாடுகளிலும் செல்லும். எங்கள் வீட்டில் அவை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. அடுத்து யார் கிளம்புகிறார்களோ அவர்களுக்கு ஒரு கைப்பிடி. இறங்கியதும் ரயில் நிலையக் கழிப்பறைக் கதவு கேட்பது 50 சென்ட்டோ ஒரு யூரோவோதான், அந்த நேரத்தில் போய் ஏடிஎம் தேட முடியாது.